புயல் அடித்த ஆண்டில் வேலையின்மை குறைந்ததா? டெல்டாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2018இல் வீசிய கஜா புயலுக்குப் பிறகு டெல்டா மாவட்டங்களில் ஒரு விவாதம் தேர்தலுக்குத் தேர்தல் தலைதூக்குகிறது. புயலால் லட்சக்கணக்கானோர் வேலை இழந்தார்கள் என்று ஒரு மேடையில் பேசுகிறார்கள். அரசுக் கணக்கிலேயே வேலையின்மை குறைந்திருக்கிறது என்று அடுத்த மேடையில் பதில் வருகிறது. மன்னார்குடியில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளும், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னை விவசாயிகளும், பேச்சுக்குப் புள்ளிவிவரம் கேட்டு வரும் கட்சி நண்பர்களும் திரும்பத் திரும்ப எழுப்பிய ஐயங்களை, அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

வேலையின்மை விகிதம் என்றால் வேலை இல்லாத எல்லோரையும் எண்ணுவதுதானே?

இல்லை. வேலை செய்துகொண்டிருப்பவர்களும், வேலை தேடுபவர்கள் அல்லது கிடைத்தால் செய்யத் தயாராக இருப்பவர்களும் சேர்ந்ததே உழைப்பாளர் தொகை. அந்தத் தொகையில் வேலை கிடைக்காதவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்பதுதான் வேலையின்மை விகிதம். படிக்கும் பிள்ளைகள், வீட்டு வேலை மட்டும் பார்க்கும் பெண்கள், உழைக்க இயலாத முதியவர்கள் ஆகியோர் இந்தக் கணக்குக்குள் வருவதில்லை.

இதிலிருந்து ஒரு விசித்திரம் பிறக்கிறது. வேலை தேடித் தேடி அலுத்துப்போய் ஒருவர் தேடுவதை நிறுத்தி, கிடைத்தாலும் போகப்போவதில்லை என்று இருந்துவிட்டால், அவர் வேலையில்லாதவர் பட்டியலிலிருந்தும் நீங்கிவிடுவார். அவருக்கு வேலை கிடைக்காமலே விகிதம் குறையும். கீழே உள்ள பல பதில்களுக்கு இது அடிப்படை.

இந்தக் கணக்கை யார் எடுக்கிறார்கள்? எங்கள் ஊருக்கு இதுவரை ஒருத்தரும் வந்ததில்லையே?

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2017 ஏப்ரல் முதல் நடத்திவரும் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்புதான் இன்று அரசும் எதிர்க்கட்சிகளும் மேற்கோள் காட்டும் மூலம். இது மாதிரிக் கணக்கெடுப்பு. 2024 வரை ஆண்டுக்கு நாடு முழுவதும் சுமார் 1 லட்சம் வீடுகளில் மட்டுமே கேட்டார்கள். 2025 ஜனவரியிலிருந்து அது சுமார் 2.7 லட்சமாக உயர்ந்தது. மாதந்தோறும் ஓர் எண்ணும் வெளியாகிறது. ஆகவே உங்கள் ஊருக்கு யாரும் வராததில் வியப்பில்லை.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தவர்கள் எண்ணிக்கையை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஏற்கெனவே தனியார் வேலையில் இருப்பவரும் பதிவைப் புதுப்பித்துக்கொண்டுதான் இருப்பார்; வேலை இல்லாத பலர் பதிவே செய்திருக்க மாட்டார்கள்.

வாரத்தில் ஒரு மணி நேரம் வேலை பார்த்தாலே வேலையில் இருப்பவர் என்று எழுதிவிடுவார்களாமே, நிஜமா சார்?

நிஜம்தான், ஆனால் அது இரண்டு அளவைகளில் ஒன்றுக்கு மட்டும் பொருந்தும். வார நிலை என்னும் அளவையில், முந்தைய 7 நாள்களில் ஏதாவது ஒரு நாளில் ஒரு மணி நேரமாவது வேலை செய்திருந்தால் அவர் வேலையில் இருப்பவர். வழக்கமான நிலை என்னும் அளவை முந்தைய 365 நாள்களையும் பார்க்கிறது: ஆண்டின் பெரும்பகுதியை எப்படிக் கழித்தார் என்று முதலில் கேட்கிறது, பிறகு துணை வேலையாக 30 நாள்களாவது ஏதேனும் செய்திருந்தாலும் அவரை வேலையில் இருப்பவராகச் சேர்த்துக்கொள்கிறது. ஆண்டறிக்கை வெளியாகும்போது தலைப்புச் செய்தியாக வருவது பெரும்பாலும் இந்த இரண்டாவது எண்தான்.

ஒரு மணி நேர விதி இந்திய அரசு கண்டுபிடித்த தந்திரம் அன்று. உலக நாடுகள் பலவும் பின்பற்றும் வரையறை அது. மாதச் சம்பளக்காரர் மிகுந்த நாட்டில் அதனால் பெரிய பிழை நேராது. நடவுக்கும் களையெடுப்புக்கும் அறுப்புக்கும் இடையே நாள் எண்ணிக் காத்திருக்கும் கூலியாள்கள் நிறைந்த கடைமடைக்கு அது மிகத் தளர்ந்த சல்லடை என்பது என் கருத்து.

கஜா வந்த வருஷம் வேலையின்மை கூடியிருக்கத்தானே வேண்டும்? குறைந்தது என்கிறார்களே, எப்படி?

குறைந்தது உண்மை. கஜா கரையைக் கடந்தது 2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலையில், வேதாரண்யம் பகுதியில். அந்த நாள் 2018 ஜூலை முதல் 2019 ஜூன் வரையிலான கணக்கெடுப்பு ஆண்டுக்குள் வருகிறது. வழக்கமான நிலைப்படி நாட்டின் வேலையின்மை விகிதம் முந்தைய ஆண்டில் 6.1 விழுக்காடு, கஜா ஆண்டில் 5.8 விழுக்காடு. தமிழ்நாட்டின் விகிதமும் அந்த ஆண்டில் இறங்கவே செய்தது.

இதை வைத்துப் புயலால் பாதிப்பில்லை என்று வாதிடுவது தவறு. காரணங்களில் முதலாவது, மேலே சொன்ன 365 நாள் விதி. 2018 டிசம்பரில் பேராவூரணியில் ஒரு தென்னைத் தொழிலாளியிடம் கேட்டிருந்தால், கடந்த ஆண்டில் ஏறக்குறைய 11 மாதங்கள் அவர் வேலை செய்திருப்பார். புயலுக்குப் பிந்தைய சில வாரங்கள் அந்தக் கணக்கில் கரைந்துவிடும். 2019 ஜூனில் கேட்டிருந்தால் புயலுக்குப் பிந்தைய ஏழு மாதங்கள் உள்ளே வரும். ஆனால் அதற்குள் எங்காவது 30 நாள் கூலிக்குப் போயிருந்தால் அவர் வேலையில் இருப்பவராகிவிடுவார். அடுத்தது பரப்பு. புயலின் முழு அடியையும் வாங்கியவை நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்கள். சென்னை, கோயம்புத்தூர், திருப்பூர் எல்லாம் அடங்கிய மாநிலச் சராசரியில் இவற்றின் பங்கு சிறியது. அது மட்டுமன்றி, கிராமங்களை ஆண்டின் நான்கு காலாண்டுகளுக்கும் பிரித்தே கணக்கெடுப்பார்கள். பாதிக்கப்பட்ட ஊர்களில் ஒரு பகுதியை நவம்பருக்கு முன்பே கேட்டு முடித்திருப்பார்கள்.

பழைய முறையிலும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமி நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அன்று ஐந்தாண்டுக்கு ஒருமுறை எடுத்த வேலைவாய்ப்பு ஆய்வு அப்போது 2004 ஜூலை முதல் 2005 ஜூன் வரை நடந்துகொண்டிருந்தது. நாட்டளவிலான எண்ணில் அந்தப் பேரழிவைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

தோப்பு முழுக்கச் சாய்ந்துவிட்டது. அந்த விவசாயி வேலையில் இருக்கிறாரா, இல்லையா?

கணக்கின்படி இருக்கிறார். சொந்தத் தோப்பில் விழுந்த மரங்களை அப்புறப்படுத்துவதும், வேரைத் தோண்டுவதும், புதுக் கன்று வைப்பதும் சுயதொழில் வேலையே. வருமானம் வந்ததா என்பது அவர் வேலையில் இருக்கிறாரா என்பதைத் தீர்மானிக்காது. ஒரு வாரம் எதுவுமே செய்யாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தாலும், சொந்தத் தொழில் இருக்கிறது, இந்த வாரம் வேறு காரணத்தால் செய்யவில்லை என்று குறித்து, வேலையில் இருப்பவராகவே சேர்க்க விதியில் இடமுண்டு. நட்ட கன்று காய்க்க ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அத்தனை ஆண்டுகளும் அவர் விவசாயிதான்.

அதே தோப்பை நம்பியிருந்த மற்றவர்களைப் பாருங்கள். 45 நாளுக்கு ஒரு வெட்டு என்றால் மரம் ஏறுபவர், காய் பொறுக்கிக் குவிக்கும் பெண்கள், கம்பியில் குத்தி மட்டை உரிப்பவர், லாரியில் ஏற்றுபவர், கொப்பரைக் களத்தில் காய வைப்பவர், கீற்று முடைபவர், மட்டை போகும் கயிற்று ஆலைத் தொழிலாளர் என்று ஒரு வரிசையே பிழைக்கிறது. இவர்களில் பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள். தொழில் இருக்கிறது, இந்த வாரம் செய்யவில்லை என்னும் சலுகை அன்றாடக் கூலிக்குக் கிடையாது. வேலை தேடினேன், கிடைக்கவில்லை என்றோ, கிடைத்தால் செய்யத் தயார் என்றோ சொன்னால்தான் வேலையில்லாதவராகப் பதிவார். காய் பொறுக்கிய பெண், இனி யார் கூப்பிடப் போகிறார்கள், வீட்டில்தான் இருக்கிறேன் என்று பதில் சொன்னால், அவர் உழைப்பாளர் தொகையைவிட்டே வெளியேறிவிடுவார். முதல் கேள்வியில் சொன்ன விசித்திரம் இதுதான். கணக்கெடுப்பாளர் எப்படிக் கேட்டார், அந்த அம்மா எப்படிச் சொன்னார் என்பதைப் பொறுத்து ஒரே இழப்பு வேலையின்மையாகவோ வீட்டு வேலையாகவோ மாறிப் பதிவாகிறது.

மீனவர்களுக்கும் இதே கதைதானா?

ஏறக்குறைய அதேதான். படகு உடைந்த உரிமையாளர் கரையில் வலை சரிசெய்துகொண்டிருந்தால் வேலையில் இருப்பவர். பங்குக்குப் போகும் தொழிலாளியின் நிலை, அவர் சொல்லும் பதிலைப் பொறுத்தது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வேறு இருக்கிறது; அந்த மாதங்களில் எடுத்த எண்ணைப் புயலோடு இணைத்துப் பேசுவது பொருந்தாது. வேதாரண்யம் உப்பளத் தொழிலாளர்களுக்கும் மழைக்காலம் வழக்கமாகவே வேலையற்ற காலம்; சேறு புகுந்த பாத்திகளைச் சீர்செய்து பருவம் தாமதமாகத் தொடங்கினால் இழப்பு அடுத்த ஆண்டில்தான் தெரியும்.

நூறு நாள் வேலைக்குப் போனவர்களை எப்படி எண்ணுவார்கள்?

வேலையில் இருப்பவர்களாக. வாரத்தில் ஒரே ஒரு நாள் போயிருந்தாலும் வார நிலையில் அவர் வேலையில் இருப்பவர். 2018-19இல் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த நாள் கூலி 224 ரூபாய். மரம் ஏறி அதைவிடக் கூடுதலாகச் சம்பாதித்தவர் ஏரிக்கரையில் மண் வெட்டினாலும், விகிதத்தைப் பொறுத்தவரை எந்த மாற்றமும் நிகழவில்லை. நிவாரணம் நன்றாக நடந்தால் வேலையின்மை எண் குறைவாகவே இருக்கும். அதில் குற்றமில்லை, ஆனால் அந்த எண்ணைக் காட்டி நிவாரணம் தேவையில்லை என்று வாதிடும்போதுதான் சிக்கல்.

நூறு நாள் வேலைக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், வறட்சி அல்லது இயற்கைச் சீற்றம் பாதித்ததாக அறிவிக்கப்பட்ட ஊரகப் பகுதிகளில் கூடுதலாக 50 நாள் வேலை தர இடமிருந்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டபோது 150 நாள் என்ற பேச்சு வந்தது இதனால்தான். அந்தச் சட்டத்துக்கு மாற்றாக 125 நாள்களுக்கான புதிய சட்டம் 2025 டிசம்பரில் நிறைவேறியது.

புயலுக்கப்புறம் ஆளே கிடைக்கவில்லையே! அப்படிப் பார்த்தால் வேலை கூடியதுதானே?

சில மாதங்களுக்கு, சில வேலைகளில், கூடியது. சாய்ந்த மின்கம்பங்கள் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல். அவற்றை நட வெளி மாவட்டங்களிலிருந்தும் அண்டை மாநிலங்களிலிருந்தும் மின்வாரியப் பணியாளர்கள் வந்தார்கள். விழுந்த தென்னையை அறுக்கும் மெஷினுக்கும் பொக்லைனுக்கும் கேட்ட வாடகை கொடுக்க வேண்டியிருந்தது. கூரை வேய, சுவர் எழுப்ப, கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கிராக்கி.

ஆனால் கிராக்கி வந்த வேலையும் போன வேலையும் ஒரே ஆளுக்கு உரியவை அல்ல. மட்டை உரிக்கும் ஐம்பது வயதுக்காரர் மெஷின் வைத்து மரம் அறுக்க முடியாது. மொத்த எண்ணில் ஒன்றை ஒன்று ஈடுசெய்து எதுவும் நடக்காததுபோல் தோன்றும். சீரமைப்பு வேலை ஓய்ந்த பிறகு அந்தக் கிராக்கியும் போய்விடும். தோப்பு மட்டும் வெற்றிடமாகவே இருக்கும்.

ஊரை விட்டுத் திருப்பூருக்குப் போய்விட்டவர் எந்தக் கணக்கில் வருவார்?

ஆறு மாதமோ அதற்கு மேலோ வெளியூரில் தங்கிவிட்டவரை ஊர் வீட்டின் உறுப்பினராக எண்ணுவதில்லை. தங்கியிருக்கும் இடத்தில்தான் அவர் கணக்கு. பேராவூரணியில் வேலையிழந்தவர் திருப்பூரில் பனியன் கம்பெனித் தொழிலாளியாகப் பதிவாவார். டெல்டாவின் வேலையின்மை குறையும்; மாநிலத்தின் வேலையின்மையும் கூடாது. சிங்கப்பூருக்கோ வளைகுடாவுக்கோ போனால் இந்தியக் கணக்கிலிருந்தே நீங்கிவிடுவார்.

டெல்டாவுக்கே உரிய இன்னொரு குளறுபடி காரைக்கால். நாகைக்கும் தரங்கம்பாடிக்கும் நடுவே இருந்தாலும் அது புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தின் கணக்கில் சேரும். ஒரே காற்றில் கூரை போன இரண்டு ஊர்கள் இரண்டு அரசுகளின் அட்டவணையில் இருக்கும்.

நாகை மாவட்டத்தில் வேலையின்மை இத்தனை சதவீதம் என்று மேடையில் சொன்னார்களே, அது சரியா?

கஜா காலத்து எண் என்றால் எங்கிருந்து எடுத்தார்கள் என்று கேளுங்கள். அந்த ஆண்டுகளின் மாதிரி, மாநில அளவுக்கு எண் தருவதற்காக வடிவமைக்கப்பட்டது. ஒரு மாவட்டத்தில் விழும் சில பத்துக் கிராமங்களை வைத்து விகிதம் சொன்னால் பிழை வரம்பே விகிதத்தைவிடப் பெரிதாக இருக்கக்கூடும். மேட்டூரில் எத்தனை அடி என்று பார்த்துவிட்டுக் கடைமடை வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது என்று சொல்ல முடியுமா? 2025 மாற்றத்தில் மாவட்டத்தை அடிப்படை அலகாகக் கொண்டு மாதிரியை எடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். இனிவரும் புயல்களுக்கு இது கொஞ்சம் உதவும்.

அமெரிக்காவில் புயல் வந்த மறுமாதமே வேலை குறைந்தது என்று சொல்லிவிடுகிறார்களே, நம்மால் ஏன் முடியவில்லை?

அங்கே ஒவ்வொரு மாதமும் நிறுவனங்களின் சம்பளப் பட்டியலிலிருந்து ஓர் எண்ணும், வீடுகளில் கேட்டு இன்னோர் எண்ணும் எடுக்கிறார்கள். 2017 செப்டம்பரில் ஹார்வி, இர்மா புயல்களுக்குப் பிறகு சம்பளப் பட்டியல் கணக்கு 33,000 வேலைகள் குறைந்ததாக முதலில் காட்டியது. அதே மாதம் வீட்டுக் கணக்கின் வேலையின்மை விகிதமோ 4.2 விழுக்காடாகக் குறைந்தது. வானிலையால் வேலைக்குப் போக முடியாதவரை வீட்டுக் கணக்கு வேலையில் இருப்பவராக வைத்துக்கொள்ளும். அந்தக் காலத்துக்குச் சம்பளம் பெறாதவரைப் பட்டியல் கணக்கு விட்டுவிடும். பின்னர் திருத்தியபோது அந்த 33,000 குறைவும் மறைந்து, வேலைகள் கூடியதாகவே மாறியது.

அரசியலும் அங்கே குறைவில்லை. 2024 நவம்பர் 1ஆம் தேதி, அதிபர் தேர்தலுக்கு நான்கு நாள் முன்னதாக, அக்டோபரில் வெறும் 12,000 வேலைகளே கூடின என்ற அறிக்கை வந்தது. ஹெலீன், மில்டன் புயல்களும் போயிங் வேலைநிறுத்தமும் காரணம் என்று ஒரு தரப்பும், பொருளாதாரம் சரிந்துவிட்டது என்று மறு தரப்பும் பேசின. நம்மிடம் அப்படி ஒரு சம்பளப் பட்டியல் கணக்கு வந்தாலும் டெல்டாவுக்குப் பயன் குறைவு. காய் பொறுக்கும் பெண் எந்தப் பட்டியலில் இருக்கிறார்?

அப்படியானால் அரசு வேண்டுமென்றே கணக்கை மறைக்கிறது என்று சொல்லலாமா?

கஜா விஷயத்தில் யாரும் எதையும் மறைக்கத் தேவையிருக்கவில்லை. கணக்கின் வடிவமே அதைக் காட்டாது. வேறொரு தாமதம் மெய்யாகவே நடந்தது: 2017-18 அறிக்கை வெளியாகாததை ஒட்டி 2019 ஜனவரியில் தேசியப் புள்ளியியல் ஆணையத்தின் உறுப்பினர்கள் பி.சி. மோகனனும் ஜே.வி. மீனாட்சியும் பதவி விலகினார்கள். 6.1 விழுக்காடு என்ற எண் அந்த மாத இறுதியில் பத்திரிகையில் கசிந்தது. அதிகாரபூர்வமாக வெளிவந்தது மக்களவைத் தேர்தல் முடிந்தபின், மே 31 அன்று. இந்த இரண்டையும் ஒன்றாக்கி, கஜா கணக்கை மறைத்துவிட்டார்கள் என்று பேசுபவர்கள் நல்ல வாதம் ஒன்றைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

2020இல் தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு வேலை இல்லை என்றார்களே, அது எந்தக் கணக்கு?

சி.எம்.ஐ.இ. என்னும் தனியார் நிறுவனத்தின் கணக்கு. ஊரடங்கின் முதல் முழு மாதமான 2020 ஏப்ரலில் தமிழ்நாட்டுக்கு 49.8 விழுக்காடு என்று அது சொன்னது. 2019-20க்கான அரசுக் கணக்கில் நாட்டின் விகிதம் 4.8 விழுக்காடு. ஒன்று கேட்கும் நாளின் நிலையைப் பார்க்கிறது, மற்றது ஆண்டு முழுவதையும் பார்க்கிறது. திடீர் அடியைக் காண முதலாவதுதான் ஏற்றது. ஆனால் இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டு, அந்த ஆட்சியில் இவ்வளவு, இந்த ஆட்சியில் இவ்வளவு என்று காட்டுவது பித்தலாட்டம்.

நிவாரணம் கொடுக்கும்போது போன வேலையையும் கணக்கெடுக்க மாட்டார்களா?

கிராம நிர்வாக அலுவலர் எண்ணுவது மரம், வீடு, மாடு, படகு, பயிர் ஆகியவற்றை. கஜாவுக்குப் பிறகு ஒரு தென்னைக்கு இழப்பீடு 600 ரூபாயும் வெட்டி அகற்ற 500 ரூபாயுமாக 1,100 ரூபாய். ஹெக்டேருக்கு 175 மரம் என்று கொண்டால் 1,92,500 ரூபாய். அது மரத்துக்கு உரியவருக்குப் போகும். வாழ்வாதாரம் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு, அன்றைய பேரிடர் நிதி விதிகளில், பெரியவருக்கு நாளொன்றுக்கு 60 ரூபாயும் குழந்தைக்கு 45 ரூபாயும் என்று ஒரு குறுகிய கால உதவி இருந்தது. பின்னர் அதை ஊரக வேலைத் திட்டக் கூலியோடு இணைத்தார்கள். ஏறக்குறைய 15,000 கோடி ரூபாய் கேட்ட மாநில அரசுக்கு மத்திய அரசு 2018 டிசம்பர் இறுதியில் ஒப்புதல் தந்தது 1,146 கோடி. அந்த இடைவெளியைப் பற்றி எல்லாக் கட்சிகளும் பேசின. கூலியாள்கள் இழந்த வேலை நாள்கள் இரண்டு தொகைகளிலும் சரிவர இல்லை என்பதைப் பேசியவர்கள் குறைவு.

இதே நேரத்தில்தான் திருவாரூர் இடைத்தேர்தல் 2019 ஜனவரி 28க்கு அறிவிக்கப்பட்டு, நிவாரணப் பணிகள் நடப்பதைக் காரணம் காட்டி ரத்தானது. பின்னர் ஏப்ரல் 18 அன்று மக்களவைத் தேர்தலோடு நடந்தது. தேர்தல் நடத்தை விதி வந்தால் புதிய நிவாரண அறிவிப்பு நிற்கும் என்பதால், யாருக்கு எப்போது எவ்வளவு என்பதே அந்தத் தொகுதியில் அன்றைய முதன்மைப் பேச்சு.

சரி, கூட்டத்தில் பேச வேண்டும். எந்த எண்ணைத்தான் சொல்வது?

வேலையின்மை விகிதத்தை விட்டுவிடுங்கள். அதே கணக்கெடுப்பில் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உழைத்தார்கள், அன்றாடக் கூலி எவ்வளவு, வீட்டுத் தொழிலில் சம்பளமின்றி உதவுபவர்கள் எத்தனை பேர் என்ற அட்டவணைகள் இருக்கின்றன. நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களின் உழைப்புப் பங்கேற்பு 2017-18இல் 23.3 விழுக்காடாக இருந்து 2023-24இல் 41.7 ஆனது, அதில் பெரும்பங்கு சுயதொழிலிலும் சம்பளமற்ற உதவியிலும் சேர்ந்தவர்கள் என்பதால், எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் கிடைக்கும் படம் வேறு, வேலையின் தன்மையையும் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கும் படம் வேறு. இந்த அட்டவணைகளில் உங்கள் ஊருக்கு நெருக்கமாகக் கிடைப்பவையும் மாநில அளவு எண்கள்தாம் என்பதைப் பேச்சில் சேர்த்துச் சொல்லுங்கள்.

உங்கள் ஊருக்கான எண் வேண்டுமென்றால் ஊரிலேயே எடுக்கலாம். புயலுக்கு முந்தைய ஆண்டிலும் பிந்தைய ஆண்டிலும் ஊரக வேலைத் திட்டத்தில் ஊராட்சிவாரியாக எத்தனை மனித நாள் வேலை நடந்தது என்பது பொதுவில் கிடைக்கும் தகவல். நிதி வராமல் வேலை நின்ற மாதங்களைக் கழித்துக்கொண்டு, அதனோடு பள்ளியிலிருந்து மாற்றுச் சான்றிதழ் வாங்கிப்போன பிள்ளைகளின் எண்ணிக்கையையும் தலைமையாசிரியரிடம் கேட்டுச் சேர்த்துக்கொண்டு கிராம சபையில் வையுங்கள். அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்த எண் சரியா தவறா என்று உடனே தெரியும்.